வெற்றுச் சுவரின் வரிசை

ஸ்வீடனின் லிண்ட்ஹாம்ரா சதுக்கத்தில், மூடிப்போன தபால் நிலையத்தின் சுவர் முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு எண் பலகையில் ஒன்றாம் எண் விழுந்தது. ஓய்வு பெற்ற படகோட்டி ஹால்வார் சீட்டும் கையுமாகச் சுவரருகே போய், முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் செத்துப்போன தன் தம்பியுடன் இரண்டு நிமிடம் பேசினார். பிறகு காபி குடிக்கப் போனார்.

அந்தப் பலகையை மாட்டியவள் யோர்டிஸ். பொது இடங்களில் குறும்பு செய்து ஊரைச் சிரிக்க வைக்கும் கலைஞர். ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும் வரிசை எண் தருவதற்கு இருக்கிற அதே சீட்டு இயந்திரத்தையும் எண் பலகையையும் வெறும் சுவரில் பொருத்தினாள். கவுண்டர் கிடையாது, எதற்கென்று ஒரு வரி கிடையாது. நகரசபை மூன்று வாரம் அனுமதி தந்தது. சீட்டு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு சீட்டு எடுக்காமல் போக ஸ்வீடன்காரர்களால் முடியாது. நாலே நாளில் தொண்ணூற்றொன்பது சீட்டும் தீர்ந்தன. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. யோர்டிஸ் எதிர் மாடியிலிருந்து படமெடுத்துச் சிரித்தாள். மூன்றாவது வியாழன் ஹால்வார் போய் வந்த பிறகு சிரிக்கவில்லை. அனுமதி முடிந்த அன்று மின்கம்பியைப் பிடுங்கினாள். பலகை எரிந்துகொண்டேயிருந்தது. நாளுக்கு ஓர் எண். விதவைகள் போனார்கள், குழாய் ரிப்பேர்காரர் போய்த் செத்துப்போன தன் நாயைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார். யாரும் முண்டியடிக்கவில்லை.

யோர்டிஸ் தனக்கென்று ஒரு சீட்டு எடுத்திருக்கவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் அவள் தங்கை இல்வா போன் செய்தாள். கண்காட்சிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த யோர்டிஸ் எடுக்கவில்லை. அன்று மதியம் உறைந்த ஏரியில் பனிச்சறுக்கப் போன இல்வா, பனி உடைந்து உள்ளே போய்விட்டாள். எதற்குக் கூப்பிட்டாள் என்பது தெரியாமலே அந்த மணியோசை யோர்டிஸின் காதில் தங்கிவிட்டது. அந்தக் கண்காட்சிப் பொருள்களைப் பெட்டியில் போட்டவள் பிறகு திறக்கவேயில்லை. இப்போது சீட்டுக்காக வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். வீட்டுச் சாவியைக்கூடக் கொடுத்திருப்பார்கள், முறையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

பலகை தொண்ணூற்றெட்டைக் காட்டிய அன்று, சாஸேஜ் கடை ரூனே குரல் கொடுத்தார்.

"என்ன ஆர்ட்டிஸ்ட்டம்மா, மாட்டினதும் நீ, முறைக்கிறதும் நீயா?"

யோர்டிஸின் பார்வை அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் நின்றது. "அது என்ன, ரூனே?"

"நீ மெஷினைச் சோதிச்சுப் பார்த்தப்ப வந்த மொத சீட்டு. குப்பைன்னு என் தட்டுல விட்டுட்டுப் போனே. ரெண்டு பூஜ்யம். நம்ம வியாபாரத்துக்குப் பொருத்தமா இருக்கேன்னு ஒட்டிட்டேன்."

தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு பலகை இரண்டு பூஜ்யத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

"எனக்குத் தருவீங்களா? உங்களுக்கும் யாராவது இருப்பாங்களே..."

"எடுத்துக்கோம்மா. நான் போட வேண்டிய சண்டையெல்லாம் அவங்க இருக்கும்போதே போட்டு முடிச்சிட்டேன்." கடுகு விழுது தடவும் கத்தியாலேயே சுரண்டிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் காலை பூஜ்யம் பூஜ்யம் விழுந்தது. சுவரில் ஒரு கவுண்டர் இருந்தது. அதன் பின்னால் ஈரக் கம்பளித் தொப்பியோடு இல்வா. அவள் கையிலும் அதே எண்.

"அன்னிக்கு எதுக்குடி கூப்பிட்டே?"

"என் ஐஸ் முள்ளு எங்கேன்னு கேக்கத்தான்க்கா."

கழுத்தில் தொங்கவிடும் இரண்டு முள் கட்டைகள். பனி உடைந்தால் குத்தி மேலேறலாம். அவை அந்த வாரம் யோர்டிஸின் கண்காட்சிச் சுவரில் தொங்கின.

"நான்தான் எடுத்தேன், இல்வா."

"தெரியும். சொல்லிட்டு எடுத்திருக்கலாம்ல." குரலில் கோபமில்லை. "சரி, நகரு. அடுத்த ஆள் நிக்கிறாங்க."

யோர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். சதுக்கம் காலியாக இருந்தது. வரிசை இல்வாவுக்குப் பின்னால் இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை, ஆளுக்கொரு சீட்டு.

மறுநாள் காலை யோர்டிஸ் இயந்திரத்தில் புதுச் சுருளைப் போட்டாள். பெட்டியைத் திறந்து முள் கட்டைகளை எடுத்துவந்து, பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். மதியம் ஆணி மட்டும் இருந்தது. நகரசபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை அனுமதியை நீட்டிக்கத் தொடங்கியது. அன்று ஆணிக்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீர் உறைந்து யாராவது வழுக்கிவிடப் போகிறார்களென்று, ரூனே இரண்டு கைப்பிடி மணல் தூவினார்.