லிஃப்டுக்குள் ஓர் அலறல்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவரிடம் பேசித் தேற்றி, உடனே மெக்கானிக்கை அழைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைக் கொழுந்தன் உருவாக்கியிருந்தான். மெக்கானிக் வேறு யாருமல்லர், அவனுடைய அண்ணிதான். அவர்களுடைய பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: எதைச் செய்தாலும், செய்தவரையே முதலில் அதற்குள் பூட்டிவிட வேண்டும். கருவி அண்ணியை அழைத்தால், மறுநாள் மருத்துவமனை லிஃப்டில் அது பொருத்தப்படும், அழைக்காவிட்டால் இல்லை.

கொழுந்தன் புது மாப்பிள்ளையைப்போல் மிடுக்குடன் சோதனை லிஃப்டினுள் நுழைந்தான். அண்ணி லிஃப்டை நிறுத்திவிட்டு, வெளியே ஸ்டூலில் அமர்ந்தாள்.

"ஐயோ, மாட்டிக்கிட்டேன்! மூச்சு முட்டுது!"

"பிரமாதம் சார்," என்றது கருவி. "நேத்து அலறினதைவிட இன்னைக்கு உருக்கமா இருக்கு."

"டேய், இது நிஜம்டா!"

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க சார்."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு இன்னும் போனே வரலையே தம்பி!"

"வரும் அண்ணி, சும்மா இருங்க!"

பெண்குரலில் கதறினான், முதியவரைப்போல் இருமினான், கதவை உதைத்தான்.

"அந்த இருமல் மட்டும் இன்னொரு தடவை சார்," என்று கருவி கெஞ்சியது.

அண்ணிக்குப் பொறி தட்டியது. "இந்தக் கருவியைப் பழக்கும்போது யாரு குரலைக் குடுத்த?"

"என்னோடதுதான்."

"கத்தி முடிச்சிட்டு என்ன சொல்லுவ?"

"சும்மா சோதனை, யாரும் வர வேணாம்னு..."

"பாவம், சமத்துப் பிள்ளை! சொன்ன பேச்சைக் கேக்குது."

"என் குரலுக்கு மட்டும்தானே அண்ணி இந்தக் கோளாறு? நாளைக்கு மாட்டிடலாமே?"

"உன்னை மாதிரியே குரல் உள்ள நோயாளி ஒருத்தர் மாட்டிக்கிட்டா? அவரோட இருமலையும் ரசிக்குமா?"

பெருமூச்சு ஒன்று கேட்டது. "கதவைத் திறங்க அண்ணி."

வெளியே வந்தவன் மருத்துவமனைக்குத் தானே பேசினான்: "நாளைக்கு வேணாம் சார். இதை நம்பி இன்னும் யாரையும் உள்ள விட முடியாது."

மாலையில் கருவிக்குக் குரல் கொடுக்கப் பட்டறை வாசலில் தெருவே திரண்டது. தையல்காரர் முனகினார், பேக்கரிக்காரம்மா கூச்சலிட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது, தபால்காரர் அழவே செய்தார். சோதனை என்ற சொல்லுக்கே இம்முறை இடமில்லை. ஒவ்வோர் அலறலுக்கும் அண்ணி ஓடிவந்து கதவைத் திறந்தாள். கருவியும் அதைப் பார்த்தே பழகியது. கத்தி முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

அவர்களோடு கொழுந்தனும் மெல்ல வந்து நின்றான்.

"நீ வேணாம்!" என்று தெருவே ஒரே குரலில் அலறியது.