கடை வழியே போன பூங்கா

பழுது பார்த்து முடித்த நாளிலிருந்து பூங்கா வாரத்துக்கு ஒன்பது அடி வீதம் கிழக்கே நகர்ந்தது. இருபத்திரண்டு வருடம் கேட்பாரற்றுக் கிடந்த இடம். தொண்டர்கள் பதினான்கு பேர் ஞாயிறுதோறும் வந்து முள்ளை வெட்டி, சறுக்குமரத்தின் துருவைத் தேய்த்து, ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி மாட்டியதும், நோயில் படுத்து எழுந்த ஆளைப்போல அதற்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. நடுவிலிருந்த சாலை சற்று வளைந்து வழிவிட்டது. அடுத்திருந்தது ஹார்டுவேர் கடை.

கடைக்காரரும் அந்தப் பதினான்கில் ஒருவர்தான். பெயிண்டை அசல் விலைக்கே கொடுத்தவர். அதாவது, அசல் என்று அவர் சொன்ன விலைக்கு. முப்பது வருடக் கடை, கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கீலையும் எடுத்துவிடுவார். இப்போது கல்லாவில் அரை நிமிடம், வாசலில் அரை நிமிடம் என்று அலைந்தார். "காசு குடுத்து வினையை வாங்குறவங்க உண்டு. நீங்க பெயிண்டும் சேத்துக் குடுத்திருக்கீங்க" என்றார் மனைவி. ஒரு மத்தியானம் கடைக்காரர் பூங்காவிடமே பேசப் போனார். "வாரத்துக்கு ஆறடின்னு வெச்சுக்க. இல்லையா, கொஞ்சம் தெக்கால ஒதுங்கிப் போ. ரெண்டு பேருக்கும் நஷ்டம் வேணாம்." பூங்கா வாயைத் திறக்கவில்லை. எதிராளி பேசாமல் நின்றால் இறங்கி வரவேண்டியவர் யார் என்று அவருக்கா தெரியாது?

ஒரு ஞாயிறு மழையால் தொண்டர்கள் வரவில்லை. அந்த வாரம் பூங்கா இரண்டடிதான் நகர்ந்தது. அடுத்த ஞாயிறு எல்லோரும் களை பிடுங்கிக்கொண்டிருக்க, கடைக்காரர் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் ஏற்றப்பலகையின் நான்கு நட்டுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூங்கா ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மணலைச் சாலையில் சிந்திக்கொண்டு நகர்ந்தது. தொண்டர்களுக்குத் தலைவி அவருடைய அக்கா, பஸ் கண்டக்டராய் இருந்து ஓய்வு பெற்றவர்.

"பையில என்னடா குலுங்குது?"

"சில்லறைக்கா."

"சில்லறையிலயே முப்பது வருஷம் பொழைச்சவகிட்ட சொல்றியா. அது நட்டு சத்தம்." அக்கா திட்டவில்லை. பூங்காவைக் காட்டினார். "நொண்டிக்கிட்டும் உன் பக்கம்தான் வருது பாரு."

அதற்குமேல் கடைக்காரரால் பார்க்க முடியவில்லை. நட்டுகளைப் போட்டு முடுக்கினார், தன் செலவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாஷரோடு. மறுநாள் கடையின் முன்சுவரையும் பின்சுவரையும் இடித்தார்.

பூங்கா ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு உள்ளே வந்தது. கடந்து போகப் பதினொரு வாரம் ஆயிற்று. சறுக்குமரம் கல்லாவுக்கும் பூட்டு அலமாரிக்கும் நடுவே நின்ற வாரங்களில், குழாய் வாங்க வந்தவர்கள் ஒருமுறை சறுக்கிவிட்டே போனார்கள். வியாபாரம் குறையவில்லை.

பூங்கா பின்பக்கமாய் வெளியேறியதும், கடைக்கு வடக்கே ஒட்டியிருந்த கட்டடத்துப் பல் டாக்டர் வந்து, திரும்ப இந்தப் பக்கம் வருமா என்று விசாரித்தார்.

"இது வராது டாக்டர். வடக்கால இன்னொரு பூங்காவை அக்கா இப்பத்தான் சரிபண்ண ஆரம்பிச்சிருக்காங்க. அது உங்க கட்டடம் வழியாத்தான் வரும். சுவர் எதுக்கு, ரெண்டு பக்கமும் ஷட்டரா போட்டுக்குங்க" என்றார் கடைக்காரர்.

டாக்டர் யோசித்துவிட்டு, ஷட்டர் நீலத்தில் கிடைக்குமா என்று கேட்டார்.