பிளெக்ஸில் போட்ட பேர்

என் மாமனார் பேர் அப்புசாமி. இதை எழுதத்தான் முடியும் என்றிருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த நாள்வரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை, மருமகள் சொல்லக்கூடாதாம். மாமியார் சௌந்திரமும் புருஷன் பேரைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டார்.

மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது இந்த வீட்டு வழக்கம். என் மகன் பிறந்தபோது என் கணவர் தனபால் முகத்தைச் சுளித்தார். "அந்தப் பேர வெச்சா ஸ்கூல்ல சிரிப்பாங்கப்பா." மாமனாரும் தலையாட்டினார். "எங்காலத்தோட போவட்டும் சாமி. அந்தப் பேரு இனி நம்மூட்டுல ஆருக்கும் வேண்டாம்." ஈரோட்டில் ஓர் எண்கணிதக்காரரிடம் போய் க்ரித்விக் என்று ஒன்றை வாங்கி வந்தார்கள். அர்த்தம் கேட்டேன். "ஊருல ஆருக்கும் இல்லாத பேரு" என்றார் மாமியார். அதுதான் அர்த்தமாம்.

பேர் வைத்த அன்று பஸ் ஸ்டாப்பில் அந்தப் பேரைப் பெரிதாகப் போட்டு லாரி நீளத்துக்குப் பிளெக்ஸ் வைத்தார்கள். விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமனார் "எம்பேரு இனி நம்மூட்டுல ஆருக்கும் வேண்டாம்" என்று அதே வசனத்தைப் பெருமையாகச் சொன்னார். எங்கள் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் கலைமணி எச்சில் இலை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கெங்கவல்லியிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். பண்ணைக் கோடியில் அவர்கள் குடியிருக்கும் அறையில் ஓடு உடைந்து மழை ஒழுகியது. ஓடு மாற்றித் தர இவர்களுக்கு மனசில்லை. பிளெக்ஸைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவள் அதை ஓட்டுக்கு அடியில் விரித்துக் கட்டினாள். அடுத்த வருஷம் அவளுக்கும் ஆண் குழந்தை பிறந்தது.

ஊசி போடும் நாளில்தான் விஷயம் வெடித்தது. நர்ஸ் "க்ரித்விக்" என்று கூப்பிட்டதும் என் பிள்ளையோடு நான் எழுந்தேன். கைக்குழந்தையோடு கலைமணியும் எழுந்தாள். கூட வந்திருந்த மாமியார் மூக்கைப் பொத்தாத குறைதான்.

அன்று சாயங்காலமே அவளை வாசலுக்கு வரவழைத்தார்கள்.

"எங்கூட்டுப் பேரு கோழிப் பீக்குள்ள கெடக்கோணுமா?" என்றார் மாமனார். "நாளைக்கே மாத்திப்போடு. இல்லாட்டி வேற பண்ணை பாத்துக்க."

"ஊருக்கே பிளெக்ஸ் வெச்சீங்களே, யாரு வேணா வெச்சுக்கலாம்னு நெனச்சுட்டேங்க" என்றாள் கலைமணி. "தெனமும் படுத்தா அதுதாங்க கண்ணுல படுது."

"ஏன், கருப்பன் குப்பன்னு உங்களுக்குப் பேரா இல்ல?" என்றார் மாமியார்.

அந்தப் பண்ணை நாற்றத்தில்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அது பழகிவிட்டது. இவர்கள் வாய் மட்டும் இன்னும் பழகவில்லை. சீ, என்ன மனுஷர்கள்!

கலைமணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சரிங்க, மாத்திடறேங்க. பெரியய்யா பேரையே வெச்சுக்கறேன். அப்புசாமி. உங்க வீட்டுல அது யாருக்கும் வேணாம்னு விருந்தன்னைக்கு நீங்களே சொன்னீங்களே."

மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "டேய் அப்புசாமி, பீயைத் தொடாதடா" என்று பண்ணை முழுக்கக் கேட்கப்போவது மாமனாருக்கு இப்போதே கேட்டிருக்க வேண்டும். துரத்திவிட்டாலும் அந்தப் பேரோடுதான் அடுத்த பண்ணைக்குப் போவாள்.

"வேண்டாம் வேண்டாம். இருக்கற பேரே இருந்துட்டுப் போவுது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பேரன் பேரைக் கொடுக்க முடிந்தவருக்குத் தன் பேரைக் கொடுக்க முடியவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் மாமனாரும் மாமியாரும் என் கணவரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"பையன எடுத்துட்டு வா மதுமதி" என்றார் தனபால். "ஈரோட்டுல வேற பேரு பாக்கோணும். அவுங்க வெச்ச பேரு நம்ம பையனுக்கு எப்படி ஆவும்?"

ஒரே ராத்திரியில் என் பிள்ளையின் பேர் எச்சிலாகிவிட்டது. அர்த்தமில்லாத பேர்தான், எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லித்தானே பால் கொடுத்தேன். அதைக் கேட்டால்தானே அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

நான் ஏறவில்லை. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பண்ணை ஆட்கள் காதிலும் விழும்படி சொன்னேன்.

"அப்புசாமி பேரனுக்குப் பேரு க்ரித்விக்தானுங்க. அத மாத்தறதுக்கில்லீங்க."

தனபால் சாவியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.