தகரத் தெருவுக்குப் பூசிய நீலம்

மே 9. இன்றைய பிழை: எங்கள் தெருவுக்கு நீலம் பூசிவிட்டேன்.

மாலை வகுப்புக்குப் போகும் பேருந்தில் அவள் டைரியில் இதை எழுதினாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதையே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நகரத்தின் சூட்டு வரைபடம் தயாரிப்பதுதான் அந்த வகுப்பின் வேலை. கொதிக்கும் தெரு சிவப்பு, குளிர்ந்த தெரு நீலம். சிவப்புத் தெருக்களின் கூரைகளுக்கு மட்டும் மாநகராட்சி இந்தக் கோடையிலேயே சூடு தணிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துத் தரும். நாளை மறுநாள் படம் அங்கே போய்ச் சேர வேண்டும். அவள் பங்குக்கு வந்த பகுதியில் அவள் வீடும் இருந்தது. அந்தத் தகரக் கூரை வரிசை முழுக்க நீலமாக வந்ததும் கணக்கை மறுபடி போட்டாள். மறுபடியும் நீலம். வீட்டுப் புழுக்கத்தில் ஈரத்துணி போர்த்திப் படுக்கிறவள், 'மற்ற தெருக்காரர்கள் இதைவிட வெந்துகொண்டிருப்பார்கள் போல' என்று தன் உடம்பைத்தான் சந்தேகித்தாள்.

காலையில் அக்காவிடம் படத்தைக் காட்டினாள். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"நீலமா? நம்ம வீடா? அப்போ இந்தப் பச்ச மண்ணுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு எதுக்குடி, குளிர்லயா? உன் சாட்டிலைட்ட ஒரு மத்தியானம் இங்க வந்து படுக்கச் சொல்லு. பாய் நான் தரேன்."

மெஷினுக்குக் கீழே தூங்கிய குழந்தையின் முதுகு சிவந்து கிடந்தது. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் அன்று முழுக்க அவள் கண்ணில் அந்த முதுகுதான். சாப்பாட்டு வேளையில் பாடக் குறிப்புகளைப் புரட்டியபோது விஷயம் பிடிபட்டது.

வகுப்பில் எழுந்து நின்றாள். "சார், என் பகுதி தப்பு. பளபளப்பான தகரம் தன் சூட்ட மேல இருக்கற சாட்டிலைட்டுக்குக் காட்டிக்கொடுக்காது, குளிர்ச்சியாத்தான் தெரியும். நான் ஓட்டுக்கும் தகரத்துக்கும் ஒரே அளவு போட்டுட்டேன்."

பின் வரிசையில் ஒருவன் தலையில் கை வைத்தான். "ஐயோ, என் மார்க்கெட் பக்கமும் தகரம்தான்."

"நீலமா?" என்றார் ஆசிரியர்.

"மயில் கழுத்து மாதிரி, சார்."

வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தான் பார்த்துட்டு சபாஷ் போட்டேன். சரிம்மா, வாயால சொன்னா மாநகராட்சி கேக்காது. வீட்டுக்குள்ள அளந்து கொண்டு வா. ரெண்டு நாள் தவணை நான் கேக்கறேன்."

அலமாரியில் இருந்த வெப்பமானிகளையெல்லாம் அவளிடமே கொடுத்தார். அவள் அவற்றைத் துப்பட்டாவில் சுற்றி, முட்டையைக் கொண்டுபோவது போல மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்பினாள். நடுவழியில் டைரியைத் திறந்தாள்.

நாளை: மருத்துவமனைக்கு லீவு சொல்ல வேண்டும். மத்தியானம் தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, குழந்தைகள் படுக்கிற உயரத்தில் வெப்பமானி வைக்க வேண்டும். முதலில் எங்கள் வீடு. பாய் அக்கா தருவாள்.