இழுக்காத தையல்

"கை மடங்க மாட்டேங்குது அண்ணி. சட்டையை முதுகுப் பக்கம் வெட்டிட்டா சுலபமா மாட்டிடலாம்," என்றான் கொழுந்தன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டிருந்தான்.

"வேணாம் தம்பி. வெட்டாதீங்க."

"படுக்க வைக்கத்தானே போறோம்? முதுகை யாரு பாக்கப் போறா?"

அவரு பாப்பாரு என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

விடிகாலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷன் அப்படியே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் நாலு மணி நேரம் ஆகிறது. ஓரகத்தி இரண்டு தடவை தோளை உலுக்கி, "அழுதுடுங்கக்கா" என்றாள். அழலாம்தான். என்ன செய்தால் வரும் என்றுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பீரோவைத் திறந்து அந்த நீல டீ ஷர்ட்டை எடுத்து வந்திருந்தாள். இப்போதைக்கு அதை வெட்டாமல் போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

பனியன் கம்பெனியில் அவள் இழுத்தால் நீளும் தையல் போடுகிற ஓவர்லாக் மிஷின், அவர் செக்கிங். வீட்டில் புருஷன், லைனில் எமன் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். துணி நீளும்போது தையலும் நீள வேண்டும், இல்லையென்றால் நூல் டக்கென்று அறும். அறுந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடுவார். பெண்டாட்டி தைத்தது என்று ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு தடவை ஒரே நாளில் ஏழு ஸ்டிக்கர். அன்றைக்கு அவள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாளும் ஒட்டினார்.

பதினோரு வருஷத்தில் நன்றாகத் தைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வருத்தம் அவளுக்கு உண்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் பிறந்தநாளுக்கு இந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தாள். அவர் உள்ளே புரட்டிப் பார்த்தார்.

"என்ன, இழுத்துப் பாக்கலையா?"

"இது என்ன கம்பெனி பீஸா?" என்று சொல்லிவிட்டு மெதுவாக மாட்டிக்கொண்டார்.

அதிலிருந்து ஞாயிறானால் அதுதான். ஒவ்வொரு கையாக, அவசரமே இல்லாமல் போடுவார். "மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சுதா?" என்று வாசலில் நின்று கத்துவாள். துவைப்பதற்கும் கொடுக்க மாட்டார், தானே அலசிப் போடுவார். துணி நைந்துவிடும் என்கிற கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தாள்.

"சும்மா இழுங்க தம்பி. என் தையல், தாங்கும்."

கொழுந்தன் இழுத்தான்.

டக்.

தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரிகிற சத்தம். அக்குளுக்குக் கீழே நாலு விரல் அளவுக்குத் தையல் விட்டிருந்தது. குனிந்து பார்த்தாள். வெறும் நேர்த்தையல். வீட்டு மிஷினில் அதுதான் வரும். அவசரத்துக்கு அதில் ஓட்டி, அப்புறம் கம்பெனியில் ஓவர்லாக் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தது, அறவே மறந்துபோனது. இந்தத் துணியில் நேர்த்தையல் ஒரு இழுப்புக்குத் தாங்காது. போட்ட முதல் நாளே அறுந்திருக்க வேண்டும்.

உள்ளே புரட்டிய அன்றைக்கே அவர் பார்த்திருப்பார்.

"நான் ஒண்ணும் பலமா இழுக்கலையே அண்ணி."

"உங்க மேல தப்பில்ல. தையல்லதான்." அடுத்த கையை அவள் வாங்கிக்கொண்டாள். "தள்ளிக்குங்க, நான் போடறேன்."

சட்டைக் கையைச் சுருட்டி, அதற்குள் தன் விரலை விட்டு அவர் விரல்களைப் பிடித்தாள். மணிக்கட்டு வந்தது. முழங்கையில் வெகுநேரம் நின்றாள்.

"ஆச்சா?" என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

துணியை ஒவ்வொரு விரல் அகலமாக மேலே ஏற்றினாள். தோள் தையல் தோளில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் ஒரு நூலும் அறவில்லை.