கோழிக்கூடு ஆகவிருந்த படகு

லியனார்ட் வாங்கிய பழைய சின்னப் பாய்மரப் படகு மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் இறங்கும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் புகுந்து அவன் காலுறை நனைந்தது. வரும் ஞாயிறும் நனைந்தால் படகைக் கோழிக்கூடாக்கிவிடுவதாக மனைவி பெற்றீசியா சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அவன் படகைத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் கட்டைகள்மேல் ஏற்றி, உள்ளே இருபது வாளி தண்ணீர் ஊற்றினான். ஓட்டை இருந்தால் வெளியே கசிய வேண்டும். அடிப்பகுதி முழுவதையும் தடவிப் பார்த்தும் ஈரமில்லை.

"உள்ள வரத் தெரியுது, வெளிய போகத் தெரியல," என்றான்.

"உங்க தம்பி மாதிரி," என்றாள் பெற்றீசியா. "நம்ம கூரையில சொட்டுற எடத்துலயா ஓட்டை இருக்கு? மேல எங்கயோ எறங்கி, ஓடி வந்துதானே சோத்துப் பானையில விழுது?"

தண்ணீரை இறைத்ததும் அவனைப் படகின் முன்பகுதியை மூடிய பலகைத் தட்டுக்குக் கீழே படுக்கச் சொல்லி, தட்டின்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். தட்டில் பாய்க்கயிற்றுக்காக அடித்திருந்த வளையத்தின் ஆணித் துளை வழியாக நீர் வடிந்து, நேராக அவன் மூக்கில் சொட்டியது.

"கெடைச்சிருச்சு!" என்று கத்தினான்.

அலை தெறிக்கும்போதெல்லாம் அந்தத் துளைதான் தண்ணீரைக் குடித்திருக்கிறது. கூரைக்கென்று வாங்கிய தாரில் கொஞ்சம் அதை அடைத்தது.

ஞாயிறு மதியம் லியனார்ட் அக்கரை போய்த் திரும்பிவந்து, காலுறையைக் கழற்றிக் கொடுத்தான். பெற்றீசியா அதைப் பிழிந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"சரி, படகு தப்பிச்சிருச்சு. மிச்சத் தார எடுத்துக்கிட்டுக் கூரையில ஏறுங்க."

"இன்னிக்குக் காத்து ரொம்ப நல்லா இருக்கு, பெற்றீசி."

"கோழிங்களுக்கும் இன்னும் கூடு இல்ல."

லியனார்ட் ஏணியைத் தேடிப் போனான்.