செபாஸ்தியானின் முதுகும் ரெஜினாவின் சுவரும்

கல்வராயன் மலையில் உயரமான இடங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் செபாஸ்தியானின் முதுகைவிட உறுதியான இடம் அந்த மலையில் கிடையாது. அரசாங்கம் அளந்து சொன்னதல்ல. வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே முப்பது வருடம் ஜீப் ஓட்டிய செபாஸ்தியானே சொன்னது.

"இந்த ரோட்டுல எத்தினி வளைவு இருக்குதோ அத்தினியும் என் முதுகு வாங்கியிருக்குது. ஒரு நாளு வலின்னு படுத்ததில்ல. வலிங்கறதே வேலையில்லாதவனுக்கு வர்ற வேலை" என்பார் டீக்கடையில், சிரிக்காமல். கேட்பவர்களும் சிரிக்கமாட்டார்கள். அவர்களுக்குக் கீழே இறங்க ஜீப் வேண்டும்.

அவர் மனைவி ரெஜினா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். பத்தொன்பது வருடம் சோற்று அண்டாவை இறக்கி இறக்கி இடுப்பில் ஒரு வலியும் கழுத்தில் ஒரு வலியும் குடிவந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தி ஆகிவிட்டிருந்தன. தைலம், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் கரண்ட் வைக்கப் போனாள். வைத்துக்கொண்டு எழுந்தால் சுகமாகத்தான் இருந்தது. மலைப்பாதையில் குலுங்கி வீடு சேர்வதற்குள் இறங்கின வலி மறுபடி ஏறிக்கொண்டது. ஆகவே கிளினிக்கில் இருந்த இலக்கியா என்கிற பெண், வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, பாட்டரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். நாலு ஒயர், நாலு ஒட்டும் பேட்.

செபாஸ்தியான் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஸ்டார்ட் ஆவாத வண்டிக்குத்தான் பாட்டரி வச்சு எழுப்புவாங்க. உனக்கு இன்னா, செல்ப் எடுக்கலையா?"

"கழுத்துக்கு நானே ஒட்டிக்கிறங்க. இடுப்புக்கு மட்டும் இந்த ரெண்டை ஒட்டிவுடுங்க. கை எட்டல. திரும்பினா புடிச்சுக்குது."

"அண்டாவுக்கும் ரெண்டு ஒட்டு. அதுக்குந்தான் பாவம், இடுப்பு நெளிஞ்சு கெடக்குது."

"ஒரு நிமிசந்தாங்க."

"நான் இன்னா லைன்மேனா?"

மறுநாளும் கேட்டாள். லைன்மேன் லீவு என்றார். மூன்றாம் நாள் கேட்டபோது, அவள் மெஷினைப் பற்றி டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைத்ததை அவளிடமே திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவர் எதிரில் மெஷினை வெளியே எடுக்கவும் இல்லை.

கொஞ்ச நாளில், அடுப்படிச் சுவரில் இடுப்பு உயரத்தில் வெள்ளை உரிந்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம் தெரிந்தது.

"வெள்ளையடிச்சு மூணு மாசம் ஆவல. இன்னாத்த ஒட்டிப் பிச்ச?"

"பூசிடறங்க" என்றாள். பூசவில்லை.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் ரெஜினா போய்விட்டாள். முதுகுவலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். செபாஸ்தியான் அதைத் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மெஷினைத் திருப்பித் தர கிளினிக்குக்குப் போனார். இலக்கியாவுக்குச் சேதி தெரிந்திருக்கவில்லை. அவர் சொன்னதும் கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அக்கா எப்ப வந்தாலும் உங்களப் பத்தித்தான் சொல்லுவாங்க ஐயா."

"என்னியா? இன்னா சொன்னா?"

"எனக்கு மொதல்ல பயம். வூட்டுல பேடை சரியான எடத்துல ஒட்டுவாங்களான்னு. 'எங்க வூட்டுக்காரரு அளவெடுத்த மாதிரி ஒட்டுவாரு, ஒரு நாளும் எடம் தப்பாது'ன்னாங்க. இங்க வர்ற பொம்பளைங்க எத்தினி பேரு, ஒட்டிவுட ஆள் இல்லாம மெஷினை அப்படியே திருப்பிக் குடுத்துடறாங்க தெரியுமா?"

செபாஸ்தியான் தலையை ஆட்டப் பார்த்தார். கழுத்து பாதியில் நின்றது.

"உங்களுக்கும் ரொம்ப நாளா வலி இருக்குது போல. கழுத்தைத் திருப்பாம ஒடம்போட திரும்பறீங்க."

"எனக்கா? வலியா?" என்றார். வழக்கமாக அதற்கு அப்புறம் வரும் வாக்கியங்கள் வரவில்லை.

"மெஷினைக் குடுங்கய்யா, வச்சுடறேன்."

அவர் பைக்குள் கையை விட்டார். நாலு ஒயரும் சுருட்டியபடி கையில் தட்டுப்பட்டன.

"ஒரு ஒயரு வூட்டுலயே தங்கிடுச்சு போல. அப்பறமா எடுத்தாறேம்மா."

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றார். உப்பு ஜாடிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒன்று பாதி தீர்ந்து கிடந்தது. அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேடின் முதுகைச் சுவரில் ஒட்டிவிட்டு, தன் முதுகைப் பேடில் சாய்த்திருக்கிறாள். தினமும், அவர் வண்டி கிளம்பிப் போன பிறகு. அளவெடுத்த மாதிரி. சுவர் ஒரு நாளும் இடம் தப்பவில்லை.

கதவைச் சாத்தினார். டேப்பைக் கிழித்து, உரிந்திருந்த இரண்டு சதுரத்திலும் பேடை வைத்து அழுத்தினார். சட்டையைக் கழற்றினார். ரெஜினா குள்ளம், சதுரங்கள் அவர் இடுப்புக்குக் கீழே இருந்தன. கொஞ்சம் மேலே தள்ளி ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

வெளியே ஆள் குரல் கேட்டது. "அண்ணே, வண்டி கெளம்புமா?"

"கொஞ்சம் இரு" என்றார்.

சுவரில் கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, அரையடி இறங்கி, அந்த இரண்டு இடத்திலும் முதுகை வைத்தார். மெஷினில் அவள் கடைசியாக வைத்த எண் மூன்று. அதை மாற்றாமல் பொத்தானை அமுக்கினார்.